கடலுக்குப் பின்வாசல்

பிப்ரவரி 3

இன்று மீன் காட்சியகத்தில் நேர்காணல். கடல் உயிரியலில் முதுகலை, பவளப்பாறை பற்றிய ஆய்வேடு, ஆழ்நீச்சல் சான்றிதழ், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்தேன். மேலாளர் ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டவில்லை. என் உயரத்தை மட்டும் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் நீல மூட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். திமிங்கல உடை! வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நின்று குழந்தைகளுக்குக் கையாட்ட வேண்டுமாம். திமிங்கலத்துக்குக் கை கிடையாது என்றேன். துடுப்பை ஆட்டினால் போதும் என்றார்.

சிரிப்பதா, அழுவதா? பேருந்தில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்த கையோடு கேட்டாள். யோசித்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள் என்றேன். பொய்யில்லை. நான்தான் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 5

திமிங்கலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாடகம் படித்த ஒருவரை எடுத்திருக்கிறார்களாம். அவர் நன்றாகவே ஆட்டுவார்.

பிப்ரவரி 12

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தானின் டைல்ஸ் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாராம், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே. சொல்லும்போது கிண்டல் இல்லை, உண்மையான பிரியம்தான் இருந்தது. அதுதான் எரிச்சலே. கிண்டல் செய்தால் சண்டையாவது போடலாம்.

அவர்கள் போன பிறகு அப்பா மெதுவாகப் பேச்சை எடுத்தார். "இன்னும் ஒரு இடம் முயற்சி பண்ணும்மா. நாங்க தடுக்கலை. அதுவும் நிக்கலைன்னா, அத்தான் கடைக்குப் போயிடு. சரியா?" சரி என்றேன். வேறென்ன சொல்வது? படிப்பு முடித்து இரண்டு வருடமாக அவர் கேட்ட முதல் கேள்வி இது.

என்னோடு படித்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி இறால் தீவனம் விற்கிறாள். ஒருவன் துறைமுகத்தில் கப்பல்களின் எண்ணெய்க் கழிவைச் சோதிக்கிறான், நல்ல வேலை என்கிறான். ஒருவன் வங்கியில். 'ஆமை' மட்டும் கடல் ஆய்வு மையத்தில் சேர்ந்தான். கடலாமையைப் பற்றியே பேசிப் பேசி அந்தப் பெயர் வாங்கியவன். வயிற்றெரிச்சலோடு அவனுக்குப் போன் போட்டேன். ஜன்னல் இல்லாத அறையில் பழைய படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறானாம். கடைசியாக எப்போது கடலைப் பார்த்தாய் என்று கேட்டேன். அலுவலகக் காலண்டரில் தினமும் பார்ப்பதாகச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தோம். என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் குறைந்தது. நான் நல்ல பிறவி இல்லை.

பிப்ரவரி 24

அந்த 'இன்னும் ஒரு இடம்' வந்துவிட்டது. நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பயிற்சி உயிரியலாளர், ஆறு மாதம். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் இல்லை.

நேர்காணல் செய்தது தலைமை வேதியியலர். நாற்பது வயதிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. மேடம் என்றால் இவர்தான் மேடம். என் ஆய்வேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். இதுவரை யாருமே புரட்டியதில்லை, அதனாலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு மூடி வைத்துவிட்டு, "நீங்க படிச்சது கடல். இங்க கடல் இல்லையே" என்றார்.

எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "இங்கிருந்து போற குழாய் எங்க முடியுது மேடம்?" என்று கேட்டேன்.

"கடல்ல."

அவ்வளவுதான். திங்கள்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 2

நாற்றம் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த நோட்டும் நாறும்.

மார்ச் 3

சரி, ஒரே ஒரு வரி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை.

மார்ச் 9

அம்மாவுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்துவிட்டது. 'நீர் மேலாண்மை' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். துணி துவைக்கும்போது மூக்கு கண்டுபிடித்துவிட்டது. "இதுக்கா ராத்திரி பகலா படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா போன் செய்தபோது, "கடல் சம்பந்தமா ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்று அவள் இழுத்தது எனக்குக் கேட்டது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. 'நீர் மேலாண்மை' என்று ஆரம்பித்து வைத்தது யார்?

மார்ச் 17

இன்று எழுத நிறைய இருக்கிறது.

இந்த நிலையத்தில் அழுக்கைத் தின்பது இயந்திரம் இல்லை. காற்றூட்டும் தொட்டி என்று இரண்டு பெரிய தொட்டிகள் இருக்கின்றன. கீழேயிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள், பழுப்பாகக் கொதிப்பது போலிருக்கும். அந்தப் பழுப்பு முழுக்க உயிர்கள். அவைதான் ஊரின் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. ஊருக்கே தெரியாமல் ஊருக்கு வேலை செய்கிற கூட்டம். அவை நலமா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. இதற்கு முன் இங்கே இதைச் செய்ய ஆளே இல்லை. மேடம் எல்லாவற்றையும் மீட்டரில் பார்ப்பவர்.

இன்று ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். வோர்ட்டிசெல்லா! கல்லூரி முதல் வருடத்தில் படத்தில் பார்த்து, பரீட்சையில் வரைந்து, மறந்தே போனது. நீளமான காம்பு, நுனியில் குட்டி மணி. மணியின் விளிம்பில் மயிர்கள் சுழன்று சாப்பாட்டை உள்ளே இழுக்கின்றன. மேசையை லேசாகத் தட்டினால் காம்பு சுருண்டு எல்லாமே ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். விருந்தாளி வந்தால் ஓடி ஒளிந்துகொண்டு, பிறகு கதவிடுக்கில் பார்க்கும் குழந்தைகள் மாதிரி.

தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உள்ளே வந்து, மேசையில் ஏதாவது ஆட்டமா, ஆணி அடிக்க வேண்டுமா என்று கேட்டார். அவரையும் பார்க்க வைத்தேன். "அட, நம்ம தொட்டியிலயா?" என்றார். நான் படித்தது கடல் என்று தெரிந்ததும் எனக்கு 'கடல்' என்று பெயரே வைத்துவிட்டார். "என்ன கடல், மணியெல்லாம் ஆடுதா?" என்று சாயந்திரமும் வந்து கேட்டுவிட்டுத்தான் பம்பைப் பார்க்கப் போனார்.

மார்ச் 21

அம்மாவோடு சண்டை. அவள் கழிப்பறையில் அமிலம் கலந்த க்ளீனரைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறாள். அது நேராக என் தொட்டிக்கு வருகிறது, கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன். "உன் பூச்சிக்காக என் வீடு நாறணுமா?" என்று கேட்டாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு மூடி ஊற்றினாள். பார்த்தேன்.

மே 8

ஐயோ. மணிகள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. காலையில் கசடு, அதாவது அந்தப் பழுப்புக் குழம்பு, ரொம்பக் கெட்டியாக இருந்தது, முதல் தடவையாகத் தண்ணீர் விட்டு இளக்கித்தான் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் சுருங்கி, வாடி... இன்னொரு சொட்டு. அதிலும் அப்படியே. ஏதோ விஷம் உள்ளே வந்திருக்கிறது என்று மேடமிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உலோக மெருகுப் பட்டறையின் கழிவு வரும் குழாயை மூடச் சொல்லிவிட்டு, வருகிற தண்ணீரை அவசரத் தொட்டிக்குத் திருப்பினார். பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு அவர் கத்தியது வெளி வராந்தா வரை கேட்டது.

பாவம் அந்த மணிகள். ஆனால் நான் இல்லையென்றால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

மே 9

பெருமையாம் பெருமை. என்னை எதால அடிக்கிறது?

காலையில் பட்டறை முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். அங்கே எடுத்த தண்ணீரில் ஒரு தப்பும் இல்லை. தொட்டியிலும் எல்லா மீட்டரும் சரியாகவே காட்டியது. மேடம் என் மேசைக்கு வந்து, நேற்று செய்ததை அப்படியே மறுபடி செய்து காட்டச் சொன்னார். கசடை எடுத்தேன். பீச்சும் பாட்டிலை எடுத்தேன். இளக்கினேன். மணிகள் என் கண் முன்னாலேயே சுருங்கிச் செத்தன. மேடம் பாட்டிலைக் கையில் வாங்கி, உப்பு மீட்டரை அதில் முக்கினார். எண் எகிறியது.

"இது கடல் தண்ணியாச்சே" என்றார்.

"ஆமா மேடம், பின்ன?" என்றேன்.

அந்த 'பின்ன' வாயைவிட்டு வெளியே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்லூரி லேபில் பீச்சும் பாட்டில் என்றாலே கடல் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் பட்டால் கடல் உயிர் உப்பி வெடித்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பாட்டிலில் யாரும் பெயர்கூட எழுத மாட்டார்கள். இங்கே வந்து மேசையை ஒழுங்கு செய்த அன்று, எதையும் யோசிக்காமல் கை தானாகவே உப்பை அளந்து கலந்து வைத்திருக்கிறது. விஷம் வைத்தது பட்டறை இல்லை. நான்.

மேடம் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இங்க இருக்கிற எதுவும் கடலைப் பார்த்ததில்லைம்மா" என்றார். பிறகு என் முன்னாலேயே பட்டறை முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். போன மாதம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டி, இதையெல்லாம் நான்தான் கொன்றேன் என்றேன். மணிகள் ஆடின, சுருண்டன, எட்டிப் பார்த்தன. அம்மா போனைக் கையில் வாங்கி, மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"பூ மாதிரி இருக்கு. இதுங்களா சாக்கடையில இருக்கு?"

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

மே 10

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மேடம் சொன்னபடி, தொட்டியிலிருந்து வடிகட்டிய தண்ணீரை நிரப்பி, கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டினேன். பம்பு அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன கடல், உப்பு குறைச்சாச்சா?" என்றார். பாட்டிலைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். பாவம், சமாதானம் பண்ணத்தான் கேட்டார்.

ஜூன் 14

மேடம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நான் பார்த்துச் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார், மீட்டரைப் பார்த்து முடிவெடுக்கிறார். நியாயம்தான். ஆகஸ்டில் ஆறு மாதம் முடிகிறது. அத்தான் நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறாராம்.

ஜூன் 30

கடல் ஆய்வு மையத்தில் கேட்டுப் பார்த்தேன். இடமில்லை. ஆமையும் வேறு வேலை தேடுகிறான். இங்கே வரலாமா என்று கேட்டான். முதலில் நானே இருக்கிறேனா பார்ப்போம் என்றேன்.

ஜூலை 22

இப்போது சாயந்திரம். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் முதல் தொட்டிச் சொட்டைப் பார்த்தேன். காம்புகள் இருந்தன. மணிகள் இல்லை. பூவைக் கிள்ளிப் போட்ட தோட்டம் மாதிரி வெறும் காம்புகளாக நின்றன. முதல் வேலையாகப் பாட்டிலைத்தான் பார்த்தேன். ஆனால் இன்று கசடு கெட்டியாகவே இல்லை, நான் எந்தத் தண்ணீரும் விடவே இல்லை! இன்னொரு சொட்டு. அதிலும் காம்புதான். இரண்டாம் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அங்கே மணிகள் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன.

மூச்சு முட்டினால் மணிகள் காம்பை விட்டுவிட்டு, வேறு இடம் தேடி நீந்திப் போய்விடும். அப்படியானால் முதல் தொட்டியில் ஆக்சிஜன் இல்லை. ஆனால் சுவரில் உள்ள ஆக்சிஜன் மீட்டர் தாராளமாக இருக்கிறது என்று காட்டியது. மீட்டர் ஒன்று சொல்கிறது, மணி ஒன்று சொல்கிறது. நான் யார் பக்கம்? அடுத்த வாரம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேச இருக்கிறார்கள். இன்னொரு தடவை ஊரைக் கூட்டி, இன்னொரு தடவை தப்பாகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு நாளைக்கு ஒரு தடவை பார்ப்போமா? நாளைக்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். தின்ன ஆளில்லாமல் அழுக்கு அப்படியே குழாய் வழியே கடலுக்குப் போகும். அந்தக் குழாயைச் சொல்லித்தானே இந்த வேலையையே வாங்கினேன்?

போய்ச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எந்தத் தண்ணி விட்ட?"

"எதுவும் விடலை மேடம். தொட்டியில இருந்து எடுத்தபடியே பார்த்தேன். இரண்டாவது தொட்டி நல்லா இருக்கு. முதல் தொட்டிக்கு மட்டும் மூச்சு முட்டுது."

அலமாரியைத் திறந்து கையில் பிடிக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே நடந்தார். பின்னாலேயே ஓடினேன். தொட்டி மேல் நடைபாதையில் மண்டியிட்டு மீட்டரை உள்ளே விட்டார். ஏறக்குறைய பூஜ்யம். வேறு இடத்தில் விட்டார். அங்கேயும் அதுதான்.

பம்பு அண்ணன் சுவர் மீட்டரின் முனையை வெளியே தூக்கினார். கந்தல் துணி ஒன்று அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. துணிக்குள் ஒரு காற்றுக் குமிழ் மாட்டியிருந்தது. அந்த மீட்டர் இத்தனை நேரம் அந்தக் குமிழைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறது. ஆக்சிஜன் தாராளம் என்று மீட்டர் சொன்னதை நம்பி, காற்று ஊதும் இயந்திரமும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டது. துணியைப் பிய்த்துப் போட்டதும் இயந்திரம் உறுமிக்கொண்டு எழுந்தது. தொட்டி முழுக்க மறுபடி பழுப்பு நுரை பொங்கியது.

யாரும் கைதட்டவில்லை. பம்பு அண்ணன் துணியை விரித்துப் பார்த்து, யாரோ ஒருவருடைய பனியன் என்றார். மேடம் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் பார்த்துச் சொல்லு" என்றார். இதுவரை 'நீங்க' என்றுதான் பேசுவார். இன்று கேள்வி கேட்டதிலிருந்தே 'நீ' ஆகிவிட்டது. பயத்தில் அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 25

மணிகள் வந்துவிட்டன. குட்டிக் குட்டியாக, புதுக் காம்பில். மேடம் தானாகவே வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். மேசையை லேசாகத் தட்டினார். நிமிரும்போது உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. நான் பார்த்ததைக் கவனித்ததும் அடக்கிக்கொண்டார்.

ஜூலை 31

என்னை வைத்துக்கொண்டார்கள். பயிற்சி இல்லை, நிரந்தரம். 'நிலைய உயிரியலாளர்' என்று பதவியே புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள். நிலையத் தலைவர் இதற்கு என்ன அவசியம் என்று கேட்டாராம். "மீட்டர் பொய் சொன்னா, இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும் சார்" என்று மேடம் சொன்னாராம். பம்பு அண்ணன் வந்து சொன்னார். அவர் கதவுக்கு வெளியே அப்போது எதைச் சரி செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அப்பா ரொம்ப நேரம் என் தலையில் கை வைத்தபடி இருந்தார். அத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார், நிஜமாகவே. அந்த நாற்காலியில் அக்காவை உட்கார வைக்கும்படி சொன்னேன். அக்கா முறைத்தாள்.

ஆகஸ்ட் 26

இன்று கடல்.

குழாய் போய் முடியும் இடத்தில் மாதம் ஒரு தடவை தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். இதுவரை வெளியாட்கள் செய்தார்கள், இனி நான். படகில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்தேன். ஆழ்நீச்சல் சான்றிதழ் வைத்திருப்பவள்! படகுக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு பாட்டிலை இறக்கினேன். தண்ணீர் தெளிவாக வந்தது. குழாய் வாயைச் சுற்றிப் பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தொட்டி வழியாக வந்த தண்ணீரில் அவை நீந்துகின்றன. சந்தோஷமாக இருந்தது. ரொம்பவே.

ஆமைக்குப் படம் அனுப்பினேன். இங்கே இன்னொரு ஆள் எடுப்பார்களா என்று உடனே கேட்டான். மேடமிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19

விடுமுறை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஹாலில் சாமான்களை எல்லாம் குவித்து வைத்திருக்கிறது, அந்தக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஜன்னல்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து முடித்த பெயிண்டர், பிரஷ்களைத் தின்னரில் அலசிவிட்டு, அந்த டப்பாவோடு சமையலறைத் தொட்டிப் பக்கம் போனார். அவர் எங்கே போகிறார் என்று நான் புரிந்துகொண்டு எழுவதற்குள் அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். கையில் கரண்டி வேறு.

"அதை இதுல ஊத்தாதீங்க. இது நேரா என் பொண்ணோட தொட்டிக்குப் போகுது. அங்க அதுங்க செத்துப் போயிடும்."

பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எதுங்க என்று கேட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க" என்றாள். என்னிடம் வந்து, போனைக் கொடு என்றாள்.

கொடுத்தேன். வீடியோவை நான் தேடித் தர வேண்டியிருக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.